முதல் கொரியத் தொடராக எதைப் பார்ப்பது?

"கொரியன் டிராமா பார்க்கலாம்னு இருக்கேன், எதில் ஆரம்பிக்கட்டும்?" என்று யாராவது கேட்டால் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். செய்திகளில் பெயர் கேட்டவர் 'ஸ்க்விட் கேம்' என்பார். காதல் கதை பிடித்தவர் 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' என்பார். வருடக்கணக்கில் பார்த்து ஊறிப்போனவர்கள் 'ரிப்ளை 1988', 'மை மிஸ்டர்' என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். நாலுமே நல்ல தொடர்கள்தான். ஆனால் நல்ல தொடர் எல்லாம் முதல் தொடராகச் சரிவராது. முதலாவது ஒத்துவராமல் போனால் பலர் இரண்டாவது ஒன்றைத் தொடுவதே இல்லை. "பார்த்தேன், எனக்கு ஒட்டலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும்.

என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'ரிப்ளை 1988'. பக்கத்தில் பொறுமையில்லாத ஒருவர் உட்கார்ந்து பார்க்கப் போகிறார் என்றால் மட்டும் 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'.

காரணத்துக்குப் போகும் முன் ஒன்று. நாம் நெட்ஃப்ளிக்ஸில் பார்ப்பவை பெரும்பாலும் கொரியாவில் மினி சீரிஸ் என்று சொல்லப்படும் வகை. பொதுவாக 16 எபிசோட். சிலது 12, சிலது 20. வாரத்துக்கு இரண்டு வீதம் ஒளிபரப்பாகி இரண்டு மாதத்தில் கதை முடிந்துவிடும். பெரும்பாலும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே எழுத்தாளரின் கை. அந்த நாட்டிலும் 50 எபிசோட் போகும் வார இறுதிக் குடும்பத் தொடர்கள் உண்டு, நூறைத் தாண்டும் தினசரித் தொடர்கள் உண்டு. மாமியார் கொடுமை, பிறப்பு ரகசியம், விபத்தில் நினைவு போவது எல்லாம் அங்கேயும் தாராளம். அவை நம்மிடம் அதிகம் வருவதில்லை, அவ்வளவுதான். அதனால் நம் ஊர் மெகா சீரியலையும் இந்த 16 எபிசோட் தொடரையும் பக்கத்தில் வைத்து "அவங்க எங்கே, நாம எங்கே" என்று சலித்துக்கொள்வது நியாயமில்லை. முடிவு தெரிந்து எழுதப்படும் கதைக்கு ஒரு கட்டு வரும். ரேட்டிங் இருக்கும்வரை நீட்டப்படும் கதைக்கு, எந்த நாடாக இருந்தாலும், அது வராது.

இன்னொன்று, 'ஸ்க்விட் கேம்' தவிர்த்த மற்ற மூன்றும் டிவிஎன் என்ற கேபிள் சேனலில் வந்தவை. 2006இல் தொடங்கிய சேனல் அது. கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ் என்ற பழைய பெரிய நிறுவனங்களோடு போட்டி போட வேண்டியிருந்தது. பணக்கார வாரிசும் ஏழைப் பெண்ணும் என்ற தேய்ந்த தடத்தை விட்டு, ஒரு சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களைப் பற்றியோ, கட்டடப் பொறியாளர் ஒருவரின் சோர்வைப் பற்றியோ எடுக்க அங்கே இடம் கிடைத்தது.

அந்தத் தேய்ந்த தடத்தை நம்மில் பலர் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். புதுயுகம் டிவி தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பிய 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' மூலம் கொரியாவுக்குள் நுழைந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. எனக்கும் அதன் மீது பிரியம் உண்டு. இருந்தாலும் 2009இல் வந்த அந்த 25 எபிசோடை இன்று புதிதாக வருபவருக்குச் சொல்ல மனம் வராது. நாயகியைப் பள்ளி முழுக்கச் சேர்ந்து வதைக்க வைத்தவனே பிறகு காதலனாக வருவதை இப்போது ரசிக்க முடியவில்லை.

சரி, நாலு தொடர்களுக்கு வருவோம்.

'ஸ்க்விட் கேம்' 2021 செப்டம்பரில் வந்தது. கடனில் மூழ்கியவர்கள் பெரும்பணத்துக்காகச் சிறுவர் விளையாட்டுகளை ஆடுகிறார்கள், தோற்றால் சாவு. முதல் சீசன் 9 எபிசோட், ஏறக்குறைய எட்டு மணி நேரம். தமிழ்க் குரலிலேயே கிடைக்கிறது. வேகம், பதற்றம், ஒரு எபிசோட் முடிந்ததும் கை தானாக அடுத்ததற்குப் போவது எல்லாம் உண்மை. நடிகர் லீ ஜங்-ஜேவுக்கும் இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யூக்குக்கும் 2022இல் எம்மி விருது கிடைத்தது, தகுதியானதுதான். பாகிஸ்தானியத் தொழிலாளி அலியாக வரும் அனுபம் திரிபாதி டெல்லிக்காரர். ஆனால் இதைப் பார்த்துவிட்டு ஒருவருக்குக் கொரியத் தொடர் பிடிக்குமா என்று சொல்ல முடியாது. இது பிடித்தவருக்கு மற்றவை மந்தமாகத் தெரியலாம். ரத்தம் பிடிக்காமல் இதை நிறுத்தியவர் மற்றவற்றையும் இப்படித்தான் என்று நினைத்து ஒதுக்கிவிடலாம். கோலிகுண்டு ஆட்டம் வரும் ஆறாவது எபிசோடில் இரண்டு பெண்கள் ஆட்டத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்த இடம் பிடித்திருந்தால் உங்களுக்கு மற்ற மூன்றும் பிடிக்கும். அந்த ஓர் இடத்துக்காக எட்டு மணி நேரம் வேண்டாம்.

'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' 2019 டிசம்பரிலிருந்து 2020 பிப்ரவரி வரை ஓடியது, 16 எபிசோட். தென்கொரியத் தொழிலதிபர் யூன் செ-ரி பாராகிளைடிங் போகிறாள், சூறாவளியில் சிக்கி எல்லை தாண்டி வடகொரியாவில் ஒரு மரத்தில் தொங்குகிறாள். கீழே காவல் வரும் கேப்டன் ரி ஜியோங்-ஹ்யோக். இந்தக் கதையை ஒரு வரியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எழுத்தாளர் பார்க் ஜி-யூனின் திறமை, முதல் எபிசோட் முடிவதற்குள் நம்மை நம்ப வைத்துவிடுவது. நாயகன் நாயகியாக நடித்த ஹ்யூன் பின்னும் சோன் யே-ஜினும் 2022இல் நிஜமாகவே திருமணம் செய்துகொண்டார்கள் என்பது கூடுதல் சந்தோஷம்.

எல்லோரும் காதலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த வடகொரியக் கிராமம்தான் தொடரின் உயிர். எழுத்துக் குழுவில் வடகொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவரும் இருந்தார். அது திரையில் தெரிகிறது. திடீரென்று போகும் கரண்ட், சந்தையில் மேசைக்கு அடியில் கைமாறும் தென்கொரியப் பொருள்கள், எல்லா வீட்டுப் பெண்களும் கூடி உட்கார்ந்து குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடுவது, மேலதிகாரி மனைவியின் முன்னால் மற்ற பெண்கள் குழைவது என்று ஒவ்வொன்றும் நிதானமாக வருகிறது. கேப்டனின் கீழ் உள்ள சிப்பாய்களில் ஒருவன் தென்கொரியத் தொடர்களை ஒளித்துப் பார்த்தே அந்த ஊர் வழக்கங்களைக் கரைத்துக் குடித்தவன். செ-ரி பேசுவது மற்றவர்களுக்குப் புரியாதபோது அவன்தான் விளக்கம் சொல்வான். தொடரே தன் ரசிகனை உள்ளே ஒரு பாத்திரமாக வைத்துக்கொண்டது போல அழகாக இருக்கும்.

மெழுகுவர்த்தி வரும் இடத்தையும் சொல்ல வேண்டும். கரண்ட் போகும் ஊரில் செ-ரி வாசனை மெழுகுவர்த்தி கேட்கிறாள். அந்த வஸ்து என்ன என்றே தெரியாத கேப்டன் சாதாரண மெழுகுவர்த்தி வாங்கி வருகிறார். பிறகு ஒருநாள் இருட்டிய சந்தையில் அவள் வழி தவறி, கூட்டத்தில் பயந்து நிற்கும்போது, தூரத்தில் தலைகளுக்கு மேலே ஒரு சுடர் தெரிகிறது. கையை உயர்த்தி மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி அவர் நிற்கிறார். இந்தத் தடவை வாசனை உள்ளதுதான் வாங்கினேன் என்கிறார். காதல் வசனம் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டதை மறக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. கதை தெற்கே சியோலுக்கு வந்த பிறகு கிராமம் கண்ணைவிட்டு மறைகிறது. துரத்தல், துப்பாக்கி, ஆஸ்பத்திரி என்று சில எபிசோட் இழுவை. வில்லன் எத்தனை தடவைதான் தப்பிப்பான் என்று அலுப்பு வரும். ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேரத்துக்கு மேல், கடைசி ஒன்று ஏறக்குறைய ஒரு சினிமா நீளம். அந்தச் சிப்பாய்கள் சியோல் வந்து வறுத்த கோழி சாப்பிடும் காட்சிகள் சிரிப்பாக இருந்தாலும், கதைக்குள் நுழைத்த விளம்பரம் அப்பட்டமாகத் தெரியும். கொரியத் தொடர்களில் காபிக் கடை, சாண்ட்விச், போன் என்று இது எங்கும் உண்டு, பழகிக்கொள்ளத்தான் வேண்டும். இருந்தும் கடைசி எபிசோட் 21 சதவீதத்துக்கு மேல் ரேட்டிங் வாங்கி அதுவரை அந்தச் சேனலில் எந்தத் தொடரும் தொடாத இடத்தைத் தொட்டது என்றால், இதன் இழுப்பைப் புரிந்துகொள்ளலாம்.

இப்போது 'ரிப்ளை 1988'. 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்தது. 20 எபிசோட். இயக்கியவர் ஷின் வோன்-ஹோ, எழுதியவர் லீ வூ-ஜங். இருவருமே கேபிஎஸ்ஸில் கேளிக்கை நிகழ்ச்சிகள் செய்து வந்தவர்கள். அதனால்தான் யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது சொல்லி அமைதி விழும்போது ஆடு கத்தும் சத்தம் கேட்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு அதற்காகவே காத்திருப்பீர்கள்.

இடம் சியோலின் வடக்கே ஸாங்முன்-டோங்கில் ஒரு சந்து. ஐந்து வீடு, ஒரே வயதில் ஐந்து பிள்ளைகள். வில்லன் கிடையாது. கொலை கிடையாது. லாட்டரி அடித்துப் பணக்காரரான ஒரு குடும்பம் மேலே இருக்கிறது. தெரிந்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கடனில் விழுந்த வங்கி ஊழியரின் குடும்பம் அதே வீட்டில் பாதி நிலத்துக்கு அடியில் இருக்கும் தளத்தில் குடியிருக்கிறது. இந்த இரண்டு குடும்பமும் சண்டை போடும் என்று எதிர்பார்ப்போம். மேல் வீட்டு அம்மாவும் கீழ் வீட்டு அம்மாவும் சேர்ந்து வாசலில் காய் நறுக்குவார்கள்.

முதல் எபிசோடில் சாப்பாட்டு நேரம் வருகிறது. ஒரு வீட்டில் செய்த குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அந்த வீடு வெறுங்கிண்ணத்தைத் திருப்பித் தருமா? வேறொன்று போட்டு அனுப்புகிறது. ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் கிண்ணமும் தட்டுமாகச் சந்தில் மாறி மாறி ஓடுகிறார்கள். தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதற்கு சப்டைட்டில் தேவைப்படாது.

அதே எபிசோடில் கீழ் வீட்டின் நடுப்பிள்ளை டோக்-சுன்னின் பிறந்தநாள். அக்காவின் பிறந்தநாளும் சில நாள் இடைவெளியில் வருவதால் ஒரே கேக்கில் இருவருக்கும் கொண்டாடிவிடுவது அந்த வீட்டு வழக்கம். மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் கழற்றிவிட்டு, "இப்ப உனக்கு" என்பார்கள். அன்று அவள் உடைந்துவிடுகிறாள். கோழிக்கால் அக்காவுக்கும் தம்பிக்கும், எனக்கு எப்போதும் இறக்கை. முட்டை பற்றாவிட்டால் எனக்குத்தான் இல்லை என்று அழுகிறாள். ராத்திரி அப்பா தனியாக ஒரு கேக் வாங்கிக்கொண்டு சந்தில் அவளோடு உட்கார்ந்து, அப்பாவும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, எனக்கும் இது முதல் தடவை, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்கிறார். பெற்றோர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதை நம் வீடுகளில் அதிகம் பார்த்திருக்க மாட்டோம். இந்தக் காட்சி முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது எபிசோட் இதற்கும் மேலே. டோக்-சுன்னின் பாட்டி இறந்துவிட, பேத்தி அழுதுகொண்டே ஊருக்குப் போகிறாள். அங்கே போனால் அப்பாவும் அத்தைமாரும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பக்கம் சீட்டாட்டம். பெற்ற தாய்க்கு ஒருவரும் அழவில்லையே என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கூட்டம் கலைந்து, இரவில், வெளிநாட்டிலிருந்து மூத்த அண்ணன் வந்து சேர்கிறார். அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அம்மா, அம்மா என்று கதறுகிறார்கள். பெரியவர்கள் அழாமல் இருப்பது வலிக்காததால் இல்லை என்பதை இப்படி எடுத்தவர்களை நான் முழுதாக நம்பினேன். அதற்குப் பிறகு 18 எபிசோடும் அவர்கள் எங்கே கூட்டிப்போனாலும் போகலாம் என்று தோன்றியது.

கொரியத் தொடர்களில் நான் மிகவும் மதிப்பது பக்கத்து வீட்டுக்காரரையும் முழு மனிதராக எழுதும் பழக்கத்தை. நாயகியின் தோழி நாயகிக்கு ஆறுதல் சொல்ல மட்டும் பிறந்தவளாக இருக்க மாட்டாள். 'ரிப்ளை 1988'இல் இது உச்சத்தில் இருக்கிறது. மேல் வீட்டு அம்மா ரா மி-ரான் தெருவையே மிரட்டும் ஆள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வரும்போது அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது என்பது மகனுக்குத் தெரியவருகிறது. அதைச் சொல்ல அவர் பட்ட கூச்சமும், மகன் அதற்குப் பிறகு நடந்துகொள்ளும் விதமும் சேர்ந்து சில நிமிடம்தான். இது பிடித்துவிட்டால் கொரியத் தொடர்களில் பாதி உங்களுக்குப் பிடிக்கும். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

எதிராகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. எபிசோடுகள் நீளம், ஒன்றரை மணி நேரம் சர்வசாதாரணம். மொத்தமாக முப்பது மணி நேரத்தை ஒட்டி வரும். சியோலில் நடந்த 1988 ஒலிம்பிக், மாணவர் போராட்டம், அந்தக் காலக் கொரியப் பாட்டுகள், விளம்பரங்கள் என்று அவர்களுக்கு ஏக்கம் கிளப்பும் விஷயங்கள் நமக்கு வெறும் தகவலாகக் கடந்து போகும். டோக்-சுன் ஒலிம்பிக் அணிவகுப்பில் மடகாஸ்கரின் பெயர்ப்பலகையைத் தூக்கப் பயிற்சி எடுத்து, அந்த நாடு வராமலே போய்விடும் சோகம் மட்டும் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். பின்பாதியில் அவள் யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள் என்ற புதிரை அளவுக்கு மீறி இழுத்தார்கள் என்பதும் என் குறை. கொரியாவிலேயே ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மல்லுக்கட்டினார்கள்.

'மை மிஸ்டர்' 2018இல் வந்தது, 16 எபிசோட். இயக்கம் கிம் வோன்-சோக், எழுத்து பார்க் ஹே-யங். கொரியாவின் பெரிய விருதான பெக்சாங்கில் 2019இல் சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை இரண்டும் இதற்குத்தான். என்னைக் கேட்டால் நாலில் இதுதான் ஆகச் சிறந்தது. அதனாலேயே இதை முதலில் பார்க்கக் கூடாது.

நாயகன் பார்க் டோங்-ஹூன் கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர். மனைவிக்கு வேறொரு உறவு. அந்த ஆள் அவருக்கே மேலதிகாரி. அலுவலகத்தில் தற்காலிக வேலை செய்யும் 21 வயது லீ ஜி-யான் கடன்காரனிடம் அடி வாங்கி, காது கேளாத பாட்டியைத் தனியாகக் காப்பாற்றி, அலுவலகக் காபிப் பொட்டலங்களைத் திருடிக்கொண்டு போய்க் குடித்து வாழ்கிறாள். பணத்துக்காக டோங்-ஹூனின் போனை ஒட்டுக்கேட்க ஆரம்பிக்கிறாள். ஒட்டுக்கேட்டே ஒரு மனிதரின் நல்ல குணத்தைத் தெரிந்துகொள்கிறாள். கட்டடம் என்பது வெளியிலிருந்து வரும் விசைக்கும் உள்ளே இருக்கும் விசைக்கும் நடக்கும் சண்டை, உள்விசை கூடுதலாக இருந்தால் தாங்கும் என்று அவர் அவளிடம் சொல்லும் இடத்தில் இருவருடைய வாழ்க்கையும் அடங்கிவிடும்.

ஆனால் முதல் நாலு எபிசோடைத் தாண்டுவது சுலபமில்லை. எல்லாம் இருட்டு, யாரும் சிரிப்பதில்லை, ஒரு பெண்ணை ஒருவன் அடிக்கும் காட்சி கண்கொண்டு பார்க்க முடியாதது. வயது வித்தியாசத்தையும் அந்த வன்முறையையும் வைத்துக் கொரியாவிலேயே ஆரம்பத்தில் கடும் எதிர்ப்பு வந்தது. அது காதல் கதையாக மாறுமோ என்ற சந்தேகத்தோடு பார்த்தால் தொடரின் அருமை தெரியாமலே போகும். எழுத்தாளர் மேல் நம்பிக்கை வைத்து உட்கார வேண்டிய தொடர் இது. அந்த நம்பிக்கை ஒன்றிரண்டு தொடர்கள் பார்த்த பிறகுதான் வரும். டோங்-ஹூனாக நடித்த லீ சன்-க்யூன் 2023 டிசம்பரில் இறந்துவிட்டார் என்பது தெரிந்து இன்று பார்க்கும்போது, தளர்ந்த தோளோடு அவர் ரயிலேறி வீடு திரும்பும் காட்சிகள் இன்னும் கனக்கின்றன.

இதே இயக்குநர் 2025 மார்ச்சில் தந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' பற்றியும் கேட்பார்கள். ஜெஜு தீவு, கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள், ஒரு தம்பதியின் முழு வாழ்க்கை. வறுமையில் இருக்கும் இளம் குடும்பத்தின் பானையில் வீட்டுக்காரப் பாட்டி யாருக்கும் தெரியாமல் அரிசி போட்டுவைப்பது ஒன்றே போதும். ஆனால் காலம் முன்னும் பின்னும் தாவும், அழுகை அதிகம். 'ரிப்ளை 1988' முடித்த கையோடு இதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும்.

ஆக, யாரோடு பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தனியாக அல்லது அம்மா, அக்கா, தங்கையோடு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு எபிசோட் என்றால் 'ரிப்ளை 1988'தான். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் "இப்ப என்னதான் நடக்குது?" என்று கேட்கும் அண்ணனோ கணவரோ பக்கத்தில் இருந்தால் 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' போடுங்கள், மூன்றாவது எபிசோடில் அவரே ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொள்வார். எதுவானாலும் கொரியக் குரலை விட்டுவிடாதீர்கள். அந்த அம்மாக்களின் அதட்டலும் அப்பாக்களின் முனகலும் டப்பிங்கில் தேய்ந்துபோகும். எழுத்து ஓட்டம் பிடிக்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் அது வேறு விஷயம், அவர்களுக்கு டப்பிங் கிடைத்தால் அதையே வையுங்கள்.

'ரிப்ளை 1988' ஆரம்பித்தால் இரண்டு எபிசோட் முழுதாகப் பாருங்கள், அந்தச் சாவு வீட்டுக் காட்சி வரை. அதற்கும் மனம் அசையவில்லை என்றால் தயங்காமல் நிறுத்திவிட்டு மற்றதற்குப் போகலாம். பிடித்துப்போனால் நடிகர்களின் பெயரை மட்டும் போனில் தேடாதீர்கள். மாப்பிள்ளை யார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.